தண்டவாளமும் துடுப்பும் நடன மண்டபமும்: போருக்குப் பிந்தைய எம்.ஐ.டி.யில் மாணவர் வாழ்க்கை

[காட்சி: சார்லஸ் ஆற்றங்கரையில் எம்.ஐ.டி. கட்டடங்கள், பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

வணக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள கேம்பிரிட்ஜில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி.யைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் நோபல் பரிசுகளைப் பற்றியுமே பேசுகிறார்கள். இந்தக் காணொளியில் அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அங்கே படித்த மாணவர்கள் வகுப்பு முடிந்த பின் பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று பார்ப்போம். அந்தக் கல்லூரி மாணவர்களை அவர்கள் போக்கில் விட்ட இடங்களில்தான் அதிகம் விளைந்தது என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளை வரிசையாக எடுத்து வைக்கிறேன்.

1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரர்களின் கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே ஏற்கும் என்று உறுதியளித்தது. அதன் விளைவாக, 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்களாக இருந்தார்கள். போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அவர்களில் சிலர் மனைவி குழந்தையோடு வந்தவர்கள், பள்ளி முடித்து நேரே வந்த பதினெட்டு வயதுப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால்குலஸ் படித்தார்கள். மணமான படைவீரர்களுக்காக எம்.ஐ.டி. வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பையே கட்ட வேண்டியிருந்தது.

[காட்சி: பேக்கர் ஹவுஸ் விடுதியின் வளைந்த செங்கல் சுவர்]

1949 டிசம்பரில், வாரன் கே. லூயிஸ் தலைமையிலான குழு, கல்லூரியின் கல்விமுறையை முழுவதுமாக ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தது. பொறியாளருக்கு இலக்கியம், வரலாறு போன்ற கலைத் துறைகளிலும் பயிற்சி வேண்டும், வகுப்பறைக்கு வெளியே உள்ள வாழ்க்கையும் கல்வியின் ஒரு பகுதியே என்பது அதன் சாரம். அதே 1949இல் திறக்கப்பட்ட பேக்கர் ஹவுஸ் விடுதியை ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, கூடுமானவரை எல்லா அறைகளிலிருந்தும் ஆறு தெரியும்படி பாம்புபோல் வளைத்துக் கட்டியிருந்தார். ஆனால் மாணவர்கள் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. 1946 நவம்பரிலேயே அவர்கள் தங்களுக்கென்று ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

டபிள்யூ.எம்.ஐ.டி. என்ற அந்த நிலையம் ஒரு விடுதியிலிருந்து இயங்கியது. அதற்கு உயரமான கோபுரம் எதுவும் கிடையாது. குறைந்த ஆற்றலுள்ள நடுத்தர அலை ஒலிபரப்பைக் கட்டடத்தின் மின்கம்பிகளுக்குள்ளேயே செலுத்திவிட்டால், அந்தக் கம்பிகளே ஆன்டெனாவின் வேலையைச் செய்யும். விடுதி அறைகளில் உள்ள வானொலிப் பெட்டிகள் அதைத் தெளிவாகப் பிடிக்கும், சற்றுத் தள்ளிப் போனால் ஒன்றும் கேட்காது. உரிமத் தொல்லை இல்லாமல் ஒலிபரப்ப அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பரவலாகக் கையாண்ட வழி இது. 1961இல் இந்த நிலையம் முறையான பண்பலை உரிமம் பெற்று டபிள்யூ.டி.பி.எஸ். என்று பெயர் மாறியது. பின்னாளில் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் அந்த நான்கு எழுத்துகளுக்காக 50,000 டாலர் நன்கொடை தந்து பெயரைப் பெற்றுக்கொண்டார் என்பது கொசுறுச் செய்தி.

[காட்சி: வாக்கர் மெமோரியல் கட்டடத்தின் பெரிய மண்டபம், சுவரோவியங்கள்]

இனி நடனங்களுக்கு வருவோம். ஜூனியர் பிராம் போன்ற பெரிய நடன விழாக்கள், விடுதிகள் தாங்களாகவே நடத்திய சிறு நடனங்கள், முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நடனங்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. 1917இல் திறக்கப்பட்ட வாக்கர் மெமோரியல் மண்டபத்தில் பகலில் சாப்பாடு, சில இரவுகளில் இசைக்குழு. ஆனால் நடனம் ஆட இருவர் வேண்டும், எம்.ஐ.டி.யிலோ மாணவியர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆகவே வெல்லெஸ்லி, சிம்மன்ஸ், ராட்கிளிஃப் ஆகிய மகளிர் கல்லூரிகளுக்கு அழைப்புகள் போயின. அந்தக் கல்லூரிகளின் விடுதிகளோ இரவு இத்தனை மணிக்குள் பெண்கள் திரும்பிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தன. நடனத்தின் நேரத்தை உண்மையில் தீர்மானித்தது இசைக்குழுவைவிட அந்த விதிதான் என்று சொல்லலாம்.

சொந்த மாணவியரின் நிலை இன்னும் கடினம். 1945 முதல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட விடுதி, ஆற்றுக்கு அக்கரையில் பாஸ்டன் நகரின் பே ஸ்டேட் சாலையில் ஒரு வீடு. அங்கு இருந்த இடத்தின் அளவுதான் எத்தனை பெண்களைச் சேர்த்துக்கொள்வது என்பதற்கும் ஓர் எல்லையாக நின்றது. 1904இல் இங்கேயே உயிரியல் பட்டம் பெற்ற காத்தரின் டெக்ஸ்டர் மெக்கார்மிக் அளித்த கொடையால், 1963இல் வளாகத்துக்குள்ளேயே மகளிர் விடுதி திறக்கப்பட்ட பிறகுதான் அந்த எல்லை நகரத் தொடங்கியது. பிற கல்லூரிப் பெண்களுக்கு நடனத்துக்கு அழைப்பு அனுப்பத் தெரிந்த ஒரு கல்லூரி, தன் மாணவியருக்கு ஆற்றின் இக்கரையில் அறை தேட இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

[காட்சி: சார்லஸ் ஆற்றில் பாய்மரப் படகுகள்]

விளையாட்டில் இந்தக் கல்லூரி ஒரு விதிவிலக்கு. அமெரிக்கக் கல்லூரி என்றாலே கால்பந்து, அதாவது அவர்கள் ஊர்க் கால்பந்து, ஆனால் எம்.ஐ.டி. மாணவர்கள் 1901இலேயே வாக்கெடுப்பு நடத்திக் கல்லூரி அணியைக் கலைத்துவிட்டார்கள். அணி மீண்டும் முறைப்படி வந்தது 1988இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஆண்டுதோறும் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் மோதிக்கொண்ட ஃபீல்டு டே என்ற நாள் மட்டும் நடந்தது: வடமிழுத்தல், தொடர் ஓட்டம், கடைசியாகக் கையுறைச் சண்டை. எதிரணியினரின் கையிலிருந்து கையுறையைப் பிடுங்குவதுதான் ஆட்டம். 1900இல் இரு வகுப்புகளுக்கிடையே நடந்த கைத்தடிப் போராட்டம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்ததால், அதற்கு மாற்றாக வந்த ஏற்பாடு இது.

கால்பந்து இல்லாத இடத்தை ஆறு நிரப்பியது. 1936இல் கட்டப்பட்ட படகுத்துறையில், கப்பற்கலைப் பேராசிரியர் ஜார்ஜ் ஓவன் வடிவமைத்த சிறு பாய்மரப் படகுகள் வரிசையாக நின்றன. படகு வாங்க வசதி இல்லாதவரும் பாய் கட்டக் கற்றுக்கொள்ளலாம் என்பதால், பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த ஒன்று சாதாரண மாணவனுக்கும் எட்டியது. துடுப்புப் படகிலோ சாதனை இன்னும் பெரிது: எம்.ஐ.டி.யின் குறைந்த எடை அணி 1954இலும் 1955இலும் இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில் தேம்ஸ் சேலஞ்ச் கோப்பையை வென்றது.

அந்த ஆற்றின் மேலேயே 1958 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. மாணவர்கள் சேர்ந்து தங்கும் சங்கங்களான சகோதரக் குழுக்களின் வீடுகள் பல பாஸ்டன் கரையில் இருந்ததால், குளிர்காலத்தில் ஹார்வர்டு பாலத்தைக் கடந்து நடப்பது அன்றாடத் தொல்லை. லாம்ப்டா கை ஆல்ஃபா குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், பாலத்தை உங்களில் ஒருவனைக் கொண்டே அளந்து குறியிடுங்கள் என்று மூத்தவர்கள் பணித்தார்கள். புதியவர்களில் மிகக் குள்ளமான ஆலிவர் ஸ்மூட்டின் உயரம் 5 அடி 7 அங்குலம். அவரைப் பாலத்தில் படுக்க வைத்து, தலைமாட்டில் கோடு கிழித்து, எழுப்பி, அடுத்த இடத்தில் மீண்டும் படுக்க வைத்தார்கள். அவர் களைத்த பிறகு தூக்கிக்கொண்டே நகர்த்தினார்கள். விடை: 364.4 ஸ்மூட், ஒரு காது கூடவோ குறையவோ. அளவீட்டுப் பிழையையும் சேர்த்துச் சொன்ன அந்தக் காதுதான் இவர்கள் பொறியியல் மாணவர்கள் என்பதற்கு அத்தாட்சி. பாலம் ஏறத்தாழ 620 மீட்டர் நீளம். கணக்கு சரியாகவே வருகிறது. ஸ்மூட் பிற்காலத்தில் ஐ.எஸ்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்புக்கே தலைவரானார். இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

[காட்சி: கட்டடம் 20, மரச் சுவர்கள், நீண்ட நடைபாதை]

இப்போது, நான் அதிகம் சொல்ல விரும்பும் கழகத்துக்கு வருகிறேன். 1943இல் ரேடார் ஆய்வுக்காக அவசரமாக எழுப்பப்பட்ட கட்டடம் 20, போர் முடிந்ததும் இடிக்கப்பட வேண்டிய மரக் கொட்டகை. இடம் போதாததால் அது 1998 வரை நின்றது. சுவரில் துளை போட வேண்டுமா, கம்பி இழுக்க வேண்டுமா, யாரையும் கேட்கத் தேவையில்லை. எப்படியும் இடிக்கப் போகும் கட்டடம்தானே. அதில் ஓர் அறையைப் பிடித்து, 1946இல் உருவான, சிறிய அளவு ரயில்களைச் செய்து ஓட்டும் ‘டெக் மாதிரி ரயில் கழகம்’ தன் தண்டவாளங்களை விரித்தது.

அந்தப் பெரிய மேசையின் மேல்புறத்தில் குன்றுகள், சிற்றூர்கள், வரலாற்றுத் துல்லியத்தோடு வண்ணம் பூசிய ரயில் பெட்டிகள். கீழே குனிந்து பார்த்தால் வேறோர் உலகம்: கற்றை கற்றையாகக் கம்பிகள், வரிசை வரிசையாகத் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். தொலைபேசி எண்வட்டைச் சுழற்றினால், எந்த ரயில் யார் கட்டுப்பாட்டில் ஓட வேண்டும் என்பதை அந்த ரிலேக்கள் படபடவென்று ஒலித்து முடிவு செய்யும். ஒரு ரயில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது, அந்தப் பகுதி காலியாக இருக்கிறதா, மின்சாரத்தை எந்த ஓட்டுநரின் பெட்டியிலிருந்து தர வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களால் விடை காணும் எந்திரம் அது. அதாவது, கணினியைத் தொடுவதற்கு முன்பே அந்த மாணவர்கள் கணினியின் தருக்கத்தைக் கைகளால் கட்டிப் பழகியிருந்தார்கள். கழகத்துக்குள் மேசைக்கு மேலே உழைப்பவர்கள், கீழே உழைப்பவர்கள் என்று இரு சாராரும் இருந்தார்கள். கீழே இருந்தவர்களின் பிரிவுக்கு சமிக்ஞை மற்றும் மின்சாரக் குழு என்று பெயர். சாமர்த்தியமான ஒரு வேலையை அவர்கள் ‘ஹேக்’ என்று அழைத்தார்கள். உறுப்பினரான பீட்டர் சாம்சன் 1959இல் தொகுத்த கழக அகராதியில் அந்தச் சொல் இடம்பெற்றது.

1958இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்து டிஎக்ஸ்-0 என்ற கணினி வளாகத்துக்கு வந்தபோது, மேசைக்கடியில் இருந்தவர்கள்தான் இரவு நேரங்களில் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். மற்ற கணினிகளுக்கு நிரலைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். இதிலோ நேரே உட்கார்ந்து இயக்கலாம். 1961இல் பிடிபி-1 என்ற அடுத்த கணினி வந்தது. மறு ஆண்டு, ஸ்டீவ் ரசல் நண்பர்களின் துணையோடு அதன் வட்டத் திரையில் இரண்டு விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதினார். நடுவே எரியும் விண்மீனின் ஈர்ப்பு விசையைச் சமாளித்துக்கொண்டே எதிரியை வீழ்த்த வேண்டும். கணினியின் முகப்பில் இருந்த பொத்தான்களைத் தட்டித் தட்டி விளையாடியவர்களுக்கு முழங்கை வலித்ததால், ஆலன் கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் கழகத்தில் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு கையடக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து தந்தார்கள். கணினியைத் தயாரித்த டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் பொறியாளர்களோ இந்த விளையாட்டுக்கு வேறொரு பயன் கண்டார்கள்: திரை, நினைவகம், கணக்கீட்டுச் சுற்றுகள் என்று எந்திரத்தின் பல பகுதிகளை ஒரே சமயத்தில் வேலை வாங்கியதால், கணினியை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் அது ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க அவர்கள் ஓட்டிய சோதனைகளில் ஸ்பேஸ்வாரும் ஒன்றாயிற்று.