பேஸ் கிளாரினெட்டும் பியானோவும்

நேயர்களுக்கு வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போறது ஓத்மார் ஷெக்னு ஒரு ஸ்விஸ் இசையமைப்பாளர் 1927-28ல எழுதின சொனாட்டா (ஒண்ணு ரெண்டு வாத்தியத்துக்குனு எழுதற, பல பகுதி உள்ள இசை) பத்தி, பேஸ் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும், ஓபஸ் 41, அதாவது அவரோட படைப்பு வரிசையில 41ங்கற எண்.

பேஸ் கிளாரினெட்ங்கறது சாதாரண கிளாரினெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழ பேசற ஊது வாத்தியம். 1838லயே அடால்ஃப் சாக்ஸ் (ஆமா, சாக்ஸபோன் சாக்ஸ்தான்) இத நல்லா திருத்தி பேட்டன்ட் வாங்கிட்டாரு, ஆனாலும் ரொம்ப காலம் ஆர்கெஸ்ட்ராவுல பின்னாடி உக்காந்து எப்பவாவது ரெண்டு வரி வாசிக்கறதுதான் இதோட வேலை. தனியா இத மட்டுமே முன்னாடி நிறுத்தி ஒரு கச்சேரினு ஜோசஃப் ஹோராக்ங்கற கிளாரினெட் கலைஞர் செக் நாட்டு பிர்னோ நகரத்துல வாசிச்சதே 1955லதான். அப்படின்னா ஷெக் எவ்ளோ முன்னாடி எழுதியிருக்காரு பாருங்க.

காரணம் வெர்னர் ரைன்ஹார்ட். ஸ்விட்சர்லாந்துல இருக்கற விண்டர்தூர்காரர், 1851ல விண்டர்தூர்லயும் பம்பாய்லயும் ஒரே சமயத்துல தொடங்கின ஃபோல்கார்ட்ங்கற வியாபாரக் கம்பெனி குடும்பம். காசு இருந்துச்சு, ரசனையும் இருந்துச்சு, அது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்றது அபூர்வம். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு பண உதவி பண்ணினவரு, கவிஞர் ரில்கே தங்கறதுக்கு ஒரு கோட்டையவே வாங்கிக் குடுத்தவரு. அவரே கிளாரினெட் வாசிப்பாரு, பேஸ் கிளாரினெட்டும்தான். இந்த சொனாட்டா அவருக்குத்தான் சமர்ப்பணம்.

ஷெக்குக்கும் கிளாரினெட்டுக்கு எழுதறது புதுசு இல்ல. 1927 ஜனவரில ஜெர்மனியோட ட்ரெஸ்டன்ல அரங்கேறின அவரோட பென்தெசிலேயாங்கற ஓபராவுல (பாட்டாவே நடக்கற நாடகம்) பத்து கிளாரினெட், ரெண்டு பியானோ, தனி வயலின்னு பாத்தா நாலே நாலு! அந்த சத்தம் காதுல இருக்கும்போதே இத எழுதியிருக்காருனு எனக்குத் தோணுது.

இந்த ரெண்டு வாத்தியத்தையும் ஜோடி சேக்கறது அவ்ளோ ஈஸி இல்ல. கிளாரினெட்டோட கீழ் சுரங்கள்ல ஒத்தப்படை ஹார்மானிக்ஸ்தான் (ஒரு சுரத்தோட கூடவே ஒலிக்கற மேல் சுரங்கள்) தூக்கலா இருக்கும், அதான் அந்த உள்ள காலியா இருக்கற மாதிரி தொனி. அது முழங்கற இடம் சுமார் 70 ஹெர்ட்ஸ்ல தொடங்குது, பியானோக்காரர் இடது கை உலாவற அதே இடம், சத்தத்த நீட்டிக்கற பெடல வேற அவர் அழுத்திட்டாருன்னா கிளாரினெட் அப்படியே முங்கிரும், என்ன ஊதினாலும் வெளிய வராது. ஆனா சன்னமா வாசிக்கறதுல இத அடிச்சுக்க ஆளே இல்ல, காத்தா சத்தமானு சந்தேகம் வர்ற அளவுக்கு மெல்லிசா ஊதலாம். அதனால நல்ல பியானோக்காரர் இங்க துணைக்கு வாசிக்கறவர் இல்ல, எங்க விலகணும்னு தெரிஞ்ச சரிசமமான கூட்டாளி.

மூணு பகுதி. முதல் பகுதி நிதானமா நடக்கும், அடுத்த ரெண்டும் வேகம். கடைசில அந்த 20கள் காலத்து ஜாஸ் வாடை நல்லாவே அடிக்கும், எனக்குப் பிடிச்சது அதுதான். சீரியஸ் ஆளுனு பேர் வாங்கினவர் அங்க கொஞ்சம் குறும்பு பண்றாரு.

இப்போ அந்த மூணாவது பகுதியத்தான் போடப்போறாங்க. போன் ஸ்பீக்கர்ல கேக்கறவங்க தயவுசெஞ்சு ஹெட்போன் மாட்டிக்கோங்க, இல்லேன்னா அந்த கீழ் சுரம் பாதி உங்களுக்கு வந்தே சேராது.