மச்சான் சொன்ன மைனஸ் உலகம்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் காலையிலிருந்து மழை. கமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வழியில்லை, அதனால் இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வீடியோ. மேசையில் இருப்பது தெரிகிறதா? அலுமாரிக்கு மேலே பழைய சூட்கேசுக்குள் கிடந்த ரீவி கேம். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. கசெற்றில் 9999 விளையாட்டு என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத்தான் வேறு வேறு. எங்களுக்கு அதில் சூப்பர் மாரியோ ஒன்றே போதும்.

இது நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டெம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. முழு விளையாட்டும் 40 கிலோபைட்தான். கைத்தொலைபேசியில் எடுக்கிற ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதற்குள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் பாருங்கோ: மேலே மிதக்கிற முகிலும் கீழே இருக்கிற பற்றையும் ஒரே படம். வெள்ளை அடித்தால் முகில், பச்சை அடித்தால் பற்றை. இத்தனை வருடம் விளையாடியும் எனக்கு இது பிடிபடவில்லை.

கட்டத்தின் முடிவில் நிற்கிற கொடிக்கம்பத்தில் பாய்ந்த பிறகு சிலவேளை வாணம் வெடிக்கும், சிலவேளை வெடிக்காது. உயரத்தில் பிடித்தால்தான் வெடிக்கும் என்று ஒழுங்கைப் பெடியள் எல்லோரும் சத்தியம் பண்ணுவோம். உண்மையில் கம்பத்தைத் தொடும்போது மிச்ச நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருக்க வேண்டும். எந்த இலக்கமோ அத்தனை வாணம். உயரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அப்புறம் 3-1, அதாவது மூன்றாம் உலகத்தின் முதல் கட்டம், அதன் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து உயிர் சேர்க்கிற வித்தை. கரண்ட் போகாத ஒரு பின்னேரம் முழுக்க மிதித்தேன். உயிர் எண்ணிக்கை இருந்த இடத்தில் ஏதோ கிறுக்கல் எழுத்து வந்தது. சந்தோஷமாகப் போய் ஒரு குழியில் விழுந்தேன், கேம் ஓவர்! உயிர்க்கணக்கு 127ஐத் தாண்டினால் விளையாட்டு அதை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒருமுறை செத்தால் போதும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது, கசெற்றைத்தான் பேசினேன்.

சரி, மைனஸ் என்றதும் ஞாபகம் வருவது மச்சான். மாமாவின் மகன். “மைனஸ் ஒன்று என்று ஒரு உலகத்துக்குப் போனேன், முழுக்கத் தண்ணி, முடிவே இல்லை” என்றான். ஒருத்தரும் நம்பவில்லை. நல்லூரில் ஒரு ஐஸ்கிரீம் பந்தயம். எங்கள் முன்னால் திரும்பச் செய்ய அவனால் முடியவில்லை, தோற்றுப் போனான்.

இப்போது திரையைப் பாருங்கோ. இது 1-2, நிலத்துக்குக் கீழே இருக்கிற கட்டம். கடைசிக் குழாய்க்கு மேலே சுவரோடு ஒட்டிய கல்லை விட்டுவிட்டு, பக்கத்துக் கற்களை உடைக்கிறேன். குழாயின் விளிம்பில் குந்தி, பின்பக்கமாகப் பாய வேண்டும். சரியாக விழுந்தால் மாரியோ சுவருக்குள்ளாலேயே வழுக்கிக்கொண்டு போவார். ஆறு தரம் பிழைத்துவிட்டது... ஆ, போகிறார், போகிறார்!

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அறை, அதில் 2, 3, 4ஆம் உலகங்களுக்குப் போகும் மூன்று குழாய்கள். நாங்கள் சுவருக்குள்ளால் வந்ததால் அந்த எண்கள் இன்னும் ஏறவில்லை. 4-2இல் இருக்கிற இன்னொரு அறையின் எண்கள்தான் உள்ளே இருக்கின்றன. அந்த அறையில் நடுவில் ஒரேயொரு குழாய், 5ஆம் உலகத்துக்கு. இரண்டு பக்கமும் எண்ணே இல்லை, வெற்றிடம்தான். விளையாட்டுக்குள் ஒவ்வொரு சின்னப் படத்துக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது, வெற்றிடத்தின் இலக்கம் 36. ஆக, இடப்பக்கக் குழாய்க்குள் இறங்கினால் 36ஆம் உலகம். திரையில் 36 என்றால் வெற்றிடம், அடுத்து ஒரு கோடு, அடுத்து 1. அதுதான் மைனஸ் ஒன்று.

தண்ணீர் தெரிகிறதா? இது 2-2இலும் 7-2இலும் வருகிற அதே கடல். ஆனால் கடைசிக் குழாய்க்குள் போனால் திரும்பவும் தொடக்கத்துக்கே வருவீர்கள். நேரம் முடியும்வரை நீந்த வேண்டியதுதான்.

மச்சான் இப்போது கனடாவில். நேற்று ஒத்திகை பார்க்கும்போது படம் எடுத்து அனுப்பினேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறானாம். ஐஸ்கிரீம் ஒன்று போதாதாம், வட்டியும் சேர்த்து வேணுமாம்.