ஊசி ஒரு பிள்ளைக்கு, காவல் எத்தனை பிள்ளைக்கு?

நடுவர் அவர்களே, வணக்கம். "தடுப்பூசி போட்டுக்கொள்வது தனிமனித விருப்பமா, சமூகப் பொறுப்பா?" என்ற தலைப்பில், சமூகப் பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பதினைந்து குழந்தைகள் வீறிட்டு அழும்போது அவற்றின் அம்மாக்களுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழக்கம் உண்டு. மைக் நின்றுபோனாலும் கவலை இல்லை.

எனக்கு முன்னால் எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். மூன்று விஷயம் சொன்னார். தடுப்பூசியில் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கிறார்கள் என்றார். என் பிள்ளைக்கு எது வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன் என்றார். கடைசியாக, 2022-ல் உச்ச நீதிமன்றமே யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது என்று முடித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தம்பி, ஆபத்து இருக்கிறது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நீங்கள் சொன்னது கொஞ்சம். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில் பிளேக் தடுப்பூசி போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னி வந்து இறந்தார்கள். மருந்தைக் கண்டுபிடித்த ஹாஃப்கின் மேல் பழி விழுந்து, அது நீங்க வருடக்கணக்கில் ஆனது. 1955-ல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த போலியோ ஊசி மருந்தில் வைரஸ் முழுதாகச் சாகாமல் இருந்துவிட்டது. பத்துப் பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கைகால் விளங்காமல் போனது. ரோட்டாவைரஸ் என்பது குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருகிற கிருமி. அதே நாட்டில் 1998-ல் அதற்கு வந்த முதல் சொட்டு மருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் செருகலை, அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் போய் அடைத்துக்கொள்வதை, உண்டாக்கியது. மறு வருடமே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இவ்வளவு ஏன், நாம் வரிசையில் நின்று கொடுத்த போலியோ சொட்டு மருந்து இருக்கிறதே, அதிலும் ஏறத்தாழ 27 லட்சம் டோஸுக்கு ஒரு குழந்தைக்கு மருந்தாலேயே வாதம் வந்துவிடும். அதனால்தான் 2015-ல் இருந்து ஊசி வழியான போலியோ மருந்தையும் சேர்த்தார்கள். மறு வருடம் சொட்டு மருந்திலிருந்து ஒரு வகை வைரஸையே நீக்கினார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றையும் மறைத்தார்கள் என்றால், ஒரு கிராமத்து நர்ஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரிந்தது? யாரோ எண்ணியிருக்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க, மிச்சம் 9,999 குழந்தைகளையும் யாரோ கவனித்திருக்க வேண்டும் அல்லவா?

வெளியூர்க் கதை போதும். 2008 ஏப்ரல் மாதம், நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். டிவியில் பார்த்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை. எங்களில் யாருமே சாப்பிட்டிருக்க மாட்டோம். அதற்குப் பிறகு துணை சுகாதார நிலையத்தில் வைத்துப் போடக் கூடாது, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மறுபடி ஊசி ஆரம்பித்த முதல் புதன்கிழமை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வழக்கமாக இருபது பேர் வருவார்கள். அன்று வந்தது மூன்று பேர். தட்டம்மை மருந்து பொடியாக வரும். கூடவே கலக்குகிற நீர் தனிக் குப்பியில் இருக்கும். அந்தக் குப்பியின் பெயரை வாய்விட்டு மூன்று தடவை படித்தேன். தேதியைப் பார்த்தேன். மருந்துக் குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், மருந்து சூடு பட்டிருந்தால் கறுத்துப்போகும், அதைப் பார்த்தேன். கலக்கிய நேரத்தைக் குப்பி மேலேயே எழுதினேன், நாலு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். இதெல்லாம் எப்போதும் செய்வதுதான். ஆனால் அன்று என் கை நடுங்கியதை முதல் வரிசையில் இருந்த அம்மா பார்த்துவிட்டாள். "நர்ஸம்மா, உங்களுக்கே பயமா இருக்கா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். பயம் இருக்கிறதனால்தான் மூன்று தடவை படிக்கிறேன் என்றேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள்.

அன்று அந்த மூன்று பேரும் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பதில் பசிபிக் கடலில் இருக்கிறது. சமோவா என்று ஒரு தீவு நாடு. மொத்த ஜனத்தொகையே இரண்டு லட்சம், நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய நகராட்சி. 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. விசாரித்தால், மருந்துப் பொடியைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, தசையைத் தளர்த்துகிற மயக்க மருந்தை எடுத்துக் கலந்திருக்கிறார்கள். நர்ஸ்கள் சிறைக்குப் போனார்கள். மருந்தில் தப்பு இல்லை, கலக்கிய கையில்தான் தப்பு. ஆனால் அது தெரிவதற்குள் அரசு ஊசியை நிறுத்திவிட்டது, பயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுபடி ஆரம்பித்தபோது பலர் வரவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் பிள்ளைக்காக, அவரவர் வீட்டில் உட்கார்ந்து, தம்பி சொன்ன மாதிரியே சொந்தமாக முடிவு எடுத்தார்கள்.

2019-ல் தட்டம்மை கப்பலேறியோ விமானமேறியோ வந்து இறங்கியது. சில மாதங்களில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகள். கடைசியில் அரசு அலுவலகங்களை மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. நம் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோம். உள்ளே வந்துவிட்டது, நீ வராதே என்று அர்த்தம். அங்கே சிவப்புத் துணிக்கு அர்த்தம் வேறு. இன்னும் வரவில்லை, அதற்குள் நீ ஊசியோடு வா என்று அர்த்தம். இரண்டு குழந்தைகளின் சாவு எனக்கும் வலிக்கிறது நடுவர் அவர்களே. அந்த 83-ஐயும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஊசியின் ஆபத்தை மட்டும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டைக் காலியாக வைத்துவிட்டு "பாருங்கள், தாழ்ந்துவிட்டது" என்றால் அது தராசு ஆகுமா?

காலித் தட்டு என்றதும் நாய்க்கடி ஞாபகம் வருகிறது. இங்கே நாற்பது தாண்டிய எல்லாருக்கும் தெரியும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. அரிதாகச் சிலருக்கு அதனாலேயே கைகால் விளங்காமல் போனது. 2000-களின் பாதியில்தான் நம் நாட்டில் அதை நிறுத்தினார்கள். அந்தப் பதினாலு ஊசிக்கு வரிசையில் நின்ற ஒருவராவது "இது என் தனிப்பட்ட விருப்பம்" என்று திரும்பிப் போனாரா? போகவில்லை. கடித்த நாய் கண்ணுக்கு முன்னால் நின்றது. தட்டம்மைக்கு அந்த வசதி இல்லை. அது குரைக்காது.

சரி, தம்பியின் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை, என் முடிவு. இங்கேதான் நான் உண்மையிலேயே மாறுபடுகிறேன்.

2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப் போய்விட்டது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்கிறது ஒரு ஆடியோ. ஆட்டிசம் வரும் என்கிறது இன்னொன்று. அந்த ஆட்டிசம் கதைக்கு மூலம் 1998-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் தொடர்பே இல்லை என்றார்கள். கட்டுரை செத்தும் ஆடியோ சாகவில்லை.

பல பெற்றோர் அந்த வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஆனால் ஒரு அப்பா மட்டும் நேரில் வந்தார். கோபமாக வரவில்லை, கேள்வியோடு வந்தார். "ருபெல்லா கர்ப்பிணிகளுக்குத்தானே ஆபத்து? என் பையன் ஆம்பளப் பிள்ளை, எட்டு வயசு. அவனுக்கு எதுக்கு இந்த ஊசி?"

என் முப்பத்தொரு வருடத்தில் கேட்ட மிக நேர்மையான கேள்வி அதுதான். மழுப்ப முடியாது. அவர் சொன்னது சரி. எட்டு வயதுப் பையனுக்கு ருபெல்லா வந்தால் மூன்று நாள் லேசான தடிப்பு, கொஞ்சம் காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி கட்டும். நாலாம் நாள் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். இரண்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தால்தான் கதை மாறும். அவளுக்கும் மூன்று நாள் தடிப்புதான். வயிற்றில் இருக்கிறதுக்குத்தான் கண் போகும், காது போகும், இதயத்தில் ஓட்டை விழும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகள்வரை பாதிக்கப்படலாம்.

என் பகுதியில் அப்படி ஒரு குழந்தை இருந்தது. கண்மணி கறுப்பாக இல்லாமல் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக இருந்தது. அம்மா தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக் காட்டுவாள், குழந்தை திரும்பாது. எந்தப் பிள்ளை அவளுக்கு ருபெல்லாவைக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் தெரியாது. இப்போது சொல்லுங்கள் தம்பி, அந்த ஊசியைப் போடாமல் விட்டது யாருடைய முடிவு, அதைச் சுமப்பது யார்? முடிவு எடுத்தவர் வீட்டில் எதுவுமே நடக்கவில்லையே!

தட்டம்மையும் அப்படித்தான். நம் ஊரில் முதல் டோஸே ஒன்பது மாதம் முடிந்துதான். அதற்கு முன்னால் இருக்கிற குழந்தைக்கு ஊசி கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற குழந்தைக்கு இந்த ஊசியே போட முடியாது. தட்டம்மை வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். நூறில் தொண்ணூற்றைந்து பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது பரவாது. அந்த மிச்ச ஐந்து இடம் இந்தக் குழந்தைகளுக்கானது. பேருந்தில் மாற்றுத்திறனாளி இருக்கையில் கைகால் நன்றாக இருக்கிறவர் உட்கார்ந்துகொண்டு "டிக்கெட் எடுத்திருக்கிறேன், என் விருப்பம்" என்றால் நடத்துநர் என்ன சொல்வார்?

இங்கே அறுபது தாண்டியவர்கள் சட்டைக் கையை மடக்கிப் பாருங்கள். அம்மை குத்தின தழும்பு இருக்கும். உங்கள் பேரனுக்கு இருப்பது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. தழும்பு, அது வேறு. பெரியம்மை ஊசி இன்றைய ஊசிகளைவிட முரட்டு ஊசி. காய்ச்சல், சீழ், சமயத்தில் உயிருக்கே ஆபத்து. அதைத் தாங்கினது உங்கள் கை. 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். பேரனுக்கு அந்த ஊசி வேண்டாம் என்கிற சுதந்திரம் அப்படித்தான் கிடைத்தது.

மூன்றாவது, உச்ச நீதிமன்றம். 2022 மே 2-ம் தேதித் தீர்ப்பு. யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடவைக்க முடியாது என்று சொன்னது உண்மை, தலைவணங்குகிறேன். ஆனால் தம்பி பாதிப் பக்கத்தோடு மூடிவிட்டார். பொதுச் சுகாதாரத்துக்காகத் தனிமனித உரிமைக்கு நியாயமான வரம்பு வைக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. கொரோனா ஊசி போடாதவர்களால்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டத் தரவு இல்லை, அதனால் அப்போதைய தடைகள் அளவு மீறியவை என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. என் ஊசி பக்கத்து வீட்டைக் காக்கிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் அதற்குப் பதில், காக்கிறது. பக்கவிளைவுத் தகவல்களை மக்களுக்கு வெளிப்படையாகக் கொடுங்கள் என்றும் அதே நீதிமன்றம் அரசிடம் சொன்னது. அதற்கு இங்கே முதல் கைதட்டு என்னுடையது. எங்களை மாதிரி நர்ஸ்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு என்றால் போலீஸ் வைத்துப் பிடிப்பது என்று எதிரணி பயமுறுத்துகிறது. நான் ஒரு பிள்ளையைக்கூடப் பிடித்து இழுத்து ஊசி போட்டதில்லை. போட்டிருந்தால் அடுத்த புதன்கிழமை அந்தத் தெருவே வந்திருக்காது.

அந்த ஆம்பளப் பிள்ளையின் அப்பா என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பதில் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் தன் தம்பி மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். ஊசி போட்டு முடித்ததும், "இதுல எதுவும் ஆகாதே?" என்று கேட்டார். ஆகாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம், வந்தால் பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்துக்குள் தெரியும், அதற்கான மருந்து இதோ இந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினேன்.

"அப்ப அரை மணி நேரம் உட்காரணுமா?"

"உட்காருங்க. நானும் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."