வார்ப் கப்பலுக்கு பிரேக் எங்கே?

[திரையில்: கோடு கோடாக நீளும் நட்சத்திரங்கள்]

அறிவியல் புனைகதையில ஒளியையே முந்துற கப்பல்தான் வார்ப் கப்பல். அதோட கேப்டன் ஒரு பட்டனைத் தட்டுவார். அடுத்த காட்சியில ஜன்னலுக்கு வெளியே வேற ஒரு சூரியன். நிஜத்துல நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம் ப்ராக்ஸிமா சென்டாரிக்கு ஒளியே போய்ச் சேர நாலே கால் வருஷம். விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுற வாயேஜர் 1 வேகத்துல போனா சுமார் 75,000 வருஷம்!

இன்னும் பெரிய எஞ்சினா மாட்டலாமே?

ஜெனீவா பக்கத்துல, பூமிக்கடியில பெரிய ஹாட்ரான் மோதுவி இருக்கு, அணுவைவிடச் சின்னத் துகள்களை வேகமா ஓடவிட்டு மோதவைக்குற இயந்திரம். 2010-ல அதுல ஒரு புரோட்டானுக்கு 3.5 டிரில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொடுத்தாங்க. அப்பவும் அது ஒளியைவிட விநாடிக்கு 11 மீட்டர் பின்தங்குச்சு. இப்போ கொடுக்குறது 6.8 டிரில்லியன். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனாலும் 3 மீட்டர் பாக்கி. எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பாக்கி குறையும், தீராது.

[திரையில்: பாய் மேல் நிற்கும் ஆள்]

1994-ல மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியரே வேற வழி பார்த்தார். கட்டுரைத் தலைப்புலயே 'வார்ப் டிரைவ்'னு போட்டார், துணிச்சல்தான். பாய் மேல நிக்கிறீங்க, நடக்கல. முன்னாடி பாய் சுருங்குது, பின்னாடி விரியுது. நகர்றது பாய் மாதிரியான விண்வெளி, நீங்க இல்ல. கப்பலைச் சுத்தி இப்படிச் சுருங்கி விரியுற அந்த வெளியைக் குமிழினு சொல்வாங்க. உங்க இடத்துல நீங்க ஒளியை முந்தவே இல்ல. ஐன்ஸ்டைனோட சமன்பாடு இதைத் தடுக்கல.

விலைதான் பிரச்சினை. இதுக்கு எதிர்மறை ஆற்றல் வேணும், அதாவது வெற்றிடத்துல இருக்குறதைவிடக் குறைஞ்ச ஆற்றல். ரெண்டு உலோகத் தகடுகளைத் தொடாம ரொம்ப நெருக்கமா வச்சா நடுவுல துளியூண்டு அது வரும்னு 1948-லயே டச்சு இயற்பியலாளர் காசிமிர் காட்டினார். கப்பலுக்கு அந்தத் துளி எந்த மூலைக்கு? கிளம்புறதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடுற குழப்பம் வேற இருக்கு. அது தனி வீடியோ.

எனக்குப் பிடிச்ச சிக்கல் பிரேக். குமிழி ஒளியை முந்திட்டா, கப்பல்லேர்ந்து அனுப்புற எந்த சிக்னலும் அதோட முன்சுவரைத் தொடாது. கேப்டன் என்ன கத்தினாலும் குமிழி நிக்காது.

கோயில் தேர் பார்த்திருப்பீங்க. மேல உட்கார்ந்திருக்குற சாமியா தேரை நிறுத்துது? கீழே நிக்கிறவங்க சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடணும். இங்கயும் அதே கதைதான். வழி நெடுக முன்கூட்டியே ஆளோ கருவியோ போய்க் காத்திருக்கணும்.

அவங்க எதுல போவாங்க? ஒளியைவிட மெதுவாப் போற சாதா ராக்கெட்டுலதான்.