தேர்வுக்கு முன்னால் ஒரு விருந்து

(நாஞ்சில் நாட்டில், ஓர் ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, என்னோடு படித்தவர்களே, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பழைய காலத்துப் பிரிவுபசார விழாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் அதற்கு 'சோஷியல்' என்றுதான் பேர். "லெவன்த்துக்கு சோஷியல் என்னைக்குலே?" என்று ஜனவரியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவோம். அப்போது பள்ளிப் படிப்பு பதினோரு வருஷம். எங்கள் அப்பா காலத்தில் அந்தக் கடைசி வகுப்பை ஆறாம் பாரம் என்பார்கள். திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில் இ.எஸ்.எல்.சி. என்றிருந்த பள்ளியிறுதிப் பரீட்சை பிறகு எஸ்.எஸ்.எல்.சி. ஆனது. 1978-ல் மேல்நிலைப் படிப்பு வந்தபோது பதினோராம் வகுப்போடு முடியும் பழைய முறை போயிற்று.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சோஷியல் எப்போதும் பரீட்சைக்கு முன்னால் நடந்தது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ. அன்றைக்கு வகுப்பில் பாஸானவன் கிடையாது, பெயிலானவன் கிடையாது. பதினோரு வருஷம் வந்து உட்கார்ந்தவன் என்ற ஒரே தகுதியில் அத்தனை பேருக்கும் இலை போட்டார்கள். இன்றைக்கு ரிசல்ட் வந்த பிறகு நடக்கிற பாராட்டு விழாக்களில் மேடைக்குக் கூப்பிடப்படுகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இந்த வித்தியாசத்தை நாம் யோசிக்க வேண்டும்.

சரி, விழாவுக்கு வருகிறேன்.

விழாவை நடத்துவது பத்தாம் வகுப்புக்காரர்கள். பணம் பிரிப்பது, பந்தல் கட்டுவது, பரிமாறுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பணம் தர முடியாதவன் யார் என்பது வகுப்புத் தலைவனுக்கு மட்டும் தெரியும். அந்தப் பங்கை எந்த வாத்தியார் போட்டார் என்பது அவனுக்கும் தெரியாது. பதினோராம் வகுப்பு அன்றைக்கு விருந்தாளி. ஒரு வருஷம் முன்பு நாம் பரிமாறிய பெஞ்சில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த வருஷம் இவர்கள் உட்காருவார்கள். யாரும் சொல்லித் தராமலே இந்த முறை கைமாறி வந்தது.

தின்பதற்கு என்ன? ஏத்தங்காய் உப்பேரி, போளி, உளுந்து வடை, ஒரு மட்டிப்பழம், காப்பி. நல்ல வசதியான வருஷம் என்றால் பாயசம். மலைப்பக்கத்திலிருந்து நடந்து வந்து படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் போளியைத் தின்னாமல் காகிதத்தில் மடித்துத் தங்கச்சிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பரிமாறுகிறவன் அதைப் பார்த்தால் ஒன்றும் கேட்காமல் இன்னொன்று வைத்துவிட்டு நகர்வான். பதினைந்து வயசுப் பையனுக்கு அந்த நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உடுப்பு இன்னொரு விசேஷம். அதுவரை நிக்கர் போட்டவன் அன்றைக்கு வேட்டி கட்டுவான். பாதிப் பேருக்கு அது அண்ணன் வேட்டி, மாமா சட்டை. இடுப்பில் நிற்காமல் அவிழுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே மேடையேறி, மறு கையால் ஹெட்மாஸ்டரிடம் பேனா வாங்கியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

தமிழ் முன்ஷி, அதாவது தமிழ் வாத்தியார், வாழ்த்துப்பா எழுதுவார். நம் பக்கத்தில் அதற்கு மங்களபத்திரம் என்று பேர். ரோஸ் நிறத் தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓய்வு பெறும் ஆசிரியருக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு அடியையும் முன்ஷியே எழுந்து நின்று நிறுத்தி வாசிப்பார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவருக்குப் பின்வந்த முன்ஷிகள் வெண்பாவில் தளை தட்டினால் வெட்கப்பட்ட தலைமுறை.

பிறகு நாடகம். இதைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். நாஞ்சில் நாடு நாடகம் ஊறிய மண். ஒழுகினசேரிப் பிள்ளையான என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்தவர். பையன்களே நடித்த அந்த பாய்ஸ் நாடகக் கம்பெனிகளைப் பார்த்த தகப்பன்மார்களின் பிள்ளைகள்தான் சோஷியலில் வேஷம் கட்டினார்கள். ஆண்கள் பள்ளி, ஆகவே பெண் வேஷமும் பையன்தான் போட வேண்டும். பதினோராம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு மகரக்கட்டு உடைந்திருக்கும். அரிச்சந்திரனுக்கு ஆள் கிடைக்கும், சந்திரமதிக்குக் கிடைக்காது. எட்டாம் வகுப்பில் குரல் இனிமையாக இருக்கிற ஒரு பையனைத் தேடிப் பிடித்து, அவன் அம்மாவிடம் போய் அனுமதி கேட்டு, அக்காவின் பாவாடை தாவணியும் கவரிங் சங்கிலியும் இரவல் வாங்கி வருவார்கள். மயானக் காட்சியில் அந்தச் சின்னப் பையன் லோகிதாசனை மடியில் போட்டு அழும்போது கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வருஷம் முழுக்க நாங்கள் பயந்து நடுங்கிய மனிதர் அவர். அவருக்கும் அழத் தெரியும் என்று எங்களுக்குக் காட்டியது அந்த மேடை. பிள்ளைகளும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதற்குப் பள்ளிக்கூடத்தில் வேறு எந்த நாள் இருந்தது?

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அங்கே சோஷியலில் தமிழ் நாடகம் முடிந்ததும் மலையாளப் பிரிவுப் பையன்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடுவது போல் ஆடி வஞ்சிப்பாட்டுப் பாடுவார்கள். இரண்டுக்கும் கைதட்டு ஒரே அளவில்தான் இருந்தது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்த வருஷத்துக் கடைசி வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மார்ச் மாதம் சென்னை மாநிலத்தில் படிப்பை முடித்தார்கள். தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற எல்லைப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்களின் வீடுகளில் துக்கம் ஆறாத காலம். அந்தச் சூழ்நிலையிலும், கேரளம் போக முடிவு செய்த மலையாள ஆசிரியருக்குத் தமிழ்ப் பிள்ளைகள் மாலை போட்டு, பெட்டியைத் தலையில் சுமந்து களியிக்காவிளை பஸ் வரை கொண்டுபோய் விட்டதை என் பெரியப்பா மகன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லைப் போராட்டத்துக்குப் போய்வந்த வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தமிழுக்காகப் போராடியதும், தங்களுக்குப் பாடம் சொன்னவரின் பெட்டியைச் சுமந்ததும் ஒரே கூட்டம் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

இப்போது குரூப் போட்டோ. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சத்தம் போடும் போட்டோகிராபர். நடுவில் நாற்காலியில் ஹெட்மாஸ்டர், இரு பக்கமும் சார்மார்கள், பின்னால் பெஞ்சின் மேல் பையன்கள், காலடியில் வருஷம் எழுதிய சிலேட்டு. வலது ஓரத்தில் மணியடிக்கும் பியூன், கையைக் கட்டாமல் நேராக நிற்பார். நான் பல வீடுகளில் இந்தப் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன். பையன்களை உயரப்படிதான் நிறுத்தியிருக்கிறார்கள். நெட்டையன் பின்னால், குட்டையன் முன்னால். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதற்காக 1926-லும் 1930-லும் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த நாடு இது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-ல். அந்த நாட்டில் தோளோடு தோள் ஒட்டி, உயரம் ஒன்றையே கணக்கில் எடுத்து நிறுத்திய ஒரு வரிசை, சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. வகுப்பறைக்குள்ளும் தண்ணீர்ப் பானைக்கருகிலும் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன், இல்லை. ஆனாலும் அந்தப் படம் வீடு வீடாகப் போயிற்று. பாட்டிமார் பார்த்தார்கள், "இது ஆருக்க மவன்?" என்று கேட்டார்கள், பதிலும் கேட்டுக்கொண்டார்கள்.

விருந்து முடிந்தால் ஆட்டோகிராப் நோட்டு. ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு நிறம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. எங்கள் வரலாறு சார் எல்லோருடைய நோட்டிலும் ஒரே வரிதான் எழுதினார். "மக்கா, நல்லா இரு."

ஹால் டிக்கெட் கைக்கு வந்ததும் இன்னொரு சுற்று. நாகராஜா கோயில், கோட்டாறு சவேரியார் கோயில், முடிந்தவர்கள் தக்கலை பீர் முகமது அப்பா தர்கா. எந்த வீட்டுப் பிள்ளை என்ற கணக்கில்லாமல் கூட்டமாகப் போய் மூன்று இடத்திலும் டிக்கெட்டை வைத்து எடுத்தோம். கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் பேனாவைத் திறந்து ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளிப்போம். அந்தச் சட்டையைத் துவைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டவர்கள் உண்டு.

அதற்குப் பிறகு காத்திருப்பு. நாகர்கோவிலுக்கு 1979 வரை ரயில் கிடையாது. பத்திரிகை ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும். மணிமேடையில் கூட்டம் நிற்கும். பேப்பர்க் கட்டைப் பிரித்ததும் பொடி எழுத்தில் நம்பர், நம்பர், நம்பர். ஒருவன் வாசிக்க நாலு பேர் தோள்மேல் சாய்ந்து தேடுவார்கள். நம்பர் இல்லாதவன் மெதுவாகக் கூட்டத்திலிருந்து பின்வாங்கி நடப்பான். ஆங்கிலத்திலும் கணக்கிலும் தோற்றவர்கள் ஏராளம். நம்பர் வந்தவர்கள் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கோ, 1952-ல் தொடங்கிய இந்துக் கல்லூரிக்கோ பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புக்குப் போனார்கள். சிலர் பட்டாளத்துக்கு, சிலர் தபால் ஆபீசுக்கு, சிலர் ஆசிரியர் பயிற்சிக்கு. வராதவர்கள் வடசேரித் தறிக்கும் பனங்காட்டுக்கும் கடலுக்கும் பம்பாய்க்கும் போனார்கள்.

அப்படிப் போனவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம் என்ன கொடுத்து அனுப்பியது? சான்றிதழ் இல்லை. ஒரு சோஷியலைக் கொடுத்திருந்தது. ஒரு படத்தில் இடம் கொடுத்திருந்தது. ஹெட்மாஸ்டர் கையால் ஒரு பேனா. பனையேறிய என் நண்பன் வீட்டில் இன்றும் அந்தப் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவன் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பரீட்சையில் தோற்றவர் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

2017 முதல் நம் அரசு பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அது நல்ல முடிவு. ஆனால் ஊரில் பேனர்கள் நிற்கவில்லை. மழலையர் வகுப்புக்கே அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்துப் பட்டமளிப்பு நடத்துகிறார்கள். நடத்தட்டும், பிள்ளைகள் சந்தோஷப்பட்டால் சரி. என் வேண்டுகோள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தி வையுங்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் பரிமாறட்டும். செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இந்த மேடையிலேயே சொல்லுகிறேன்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ பழைய குரூப் போட்டோ இருந்தால், வரும் சனிக்கிழமை ஆபீஸ் அறையில் கொண்டுவந்து கொடுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவார்கள். பின்பக்கம் பெயர்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உட்கார்ந்து நினைவுபடுத்தி, இடமிருந்து வலம் வரிசைப்படி எழுதிக் கொண்டுவாருங்கள். வலது ஓரத்தில் நிற்கும் பியூன் பெயரை விட்டுவிடாதீர்கள். அதைத்தான் முதலில் கேட்பேன்.