650 டன் துணிச்சல்

நடுவர் அவர்களுக்கும் கடலூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். எதிரணி அண்ணன் எனக்கு நிறைய வேலை வைத்துவிட்டுப் போயிருப்பதால் வணக்கம் இவ்வளவுதான்.

கடற்போரில் வெல்வது கப்பலின் பலமா, மாலுமியின் துணிவா என்பது தலைப்பு. எங்கள் அணித்தலைவர் ‘பெங்கால்’ கப்பலின் பெயரைச் சொன்னதுமே அண்ணன், “பாதிச் சண்டையில் ஓடிய கப்பல்தானே?” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கையைக் கொஞ்சம் மடியில் வையுங்கள்.

1942 நவம்பர் 11, இரண்டாம் உலகப்போர், இந்தியப் பெருங்கடல். ஆஸ்திரேலியாவில் கட்டிய புத்தம்புது ‘பெங்கால்’ கப்பலை இந்திய மாலுமிகள் ஓட்டி வருகிறார்கள். எடை 650 டன். பேருக்கு ஒரு பீரங்கி. இதைக் காவலுக்கு நம்பி வருகிறது ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பல். அதில் ஒரு பீரங்கி, 32 குண்டுகள். எதிரே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள், ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல்!

பெங்காலின் தளபதி வில்சன் எண்ணெய்க் கப்பலைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் திருப்பினார். எந்தப் பக்கம்? சில்வர் பீச் சாலையில் மணல் லாரி வருகிறது, நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள். எந்தப் பக்கம் ஒடிப்பீர்கள்? சாக்கடைப் பக்கம்! வில்சன் லாரியைப் பார்த்து ஒடித்தார் ஐயா! பின்வரிசைக்குக் கேட்டதா? லாரியைப் பார்த்து! அதுவும் மணியடித்துக்கொண்டு!

ஒண்டினாவும் சுட்டது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றான ‘ஹொக்கோக்கு மாரு’ வெடித்து மூழ்கியது. யார் குண்டு என்பதில் இன்றும் வாதம் உண்டு, அது கிடக்கட்டும். பெங்காலில் குண்டு தீரும் நிலை. புகைத்திரை போட்டு விலகியது. அண்ணன் சொன்ன ஓட்டம் இதுதான்! குண்டில்லாமல் சத்தம் மட்டும் போட அதென்ன எதிரணி மேடையா?

மிச்சமிருந்த ஜப்பானியக் கப்பல் சுட்டதில் ஒண்டினாவின் கேப்டன் மாண்டார். படகில் இறங்கியவர்களையும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். கப்பல் இனி மூழ்கிவிடும் என்று எதிரி போய்விட்டான். மிஞ்சியவர்கள் அந்தச் சாய்ந்த கப்பலிலேயே மறுபடி ஏறி, தீயணைத்து, ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டில் துறைமுகத்துக்கு ஓட்டிப்போனார்கள்.

மறுபடி ஏறுவது என்றால் என்னவென்று தேவனாம்பட்டினத்துத் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, பிள்ளையைப் பறித்த அதே கடலில், ஒட்டுப்போட்ட படகைத் தள்ளிக்கொண்டு இறங்கிய அப்பன்மார் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன பீரங்கி இருந்தது?

மணி அடிக்கிறார்கள், அடிக்கட்டும். நடுவர் அவர்களே, மதிப்பெண்ணை வேண்டுமானால் எதிரணிக்கே போடுங்கள். அதற்கு முன் எழுந்து நின்று இவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.