10,000 ரூபாய்க்குள்ள வீட்டுல தியேட்டர் சவுண்டு: பத்துக்குப் பத்து ரூமுக்கு எது செட் ஆகும்?

[காட்சி: சின்ன ரூம். டிவியில படம் ஓடுது. கையில ரிமோட்.]

ஹீரோ அம்மாகிட்ட மெதுவா பேசுறாரு. ஒண்ணுமே காதுல விழல. சவுண்டை 20ல இருந்து 35க்கு ஏத்துறோம். அடுத்த சீன் ஃபைட்டு. பக்கத்து வீட்டுல செவுத்தைத் தட்டுறாங்க. திரும்ப 20. படம் முடியிற வரைக்கும் நம்ம கட்டை விரலுக்குத்தான் வேலை.

வணக்கம். வடசென்னையில வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் பாதி வீடு இப்படித்தான், செவுரு ஒண்ணு, குடும்பம் ரெண்டு. இந்த ரூமுக்கு 10,000 ரூபாயில என்ன வாங்கலாம்னு பாப்போம்.

[காட்சி: ஹோம் தியேட்டர் அட்டைப்பெட்டி. அப்புறம் செட்டோட முதுகு.]

முன்னாடி கொட்டை எழுத்துல '5000 வாட்ஸ் பிஎம்பிஓ', அதாவது ஒரு கணம் மட்டும் வர்ற உச்ச பவராம். அப்படியே திருப்புங்க. பின்னாடி குட்டி ஸ்டிக்கர்ல, கரண்ட் இழுக்குறது 60 வாட்னு போட்டிருக்கான். 60 குடம் தண்ணி கொண்டாந்த லாரியில 5000 குடம் எப்படிப் புடிப்பீங்க? பிஎம்பிஓவுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது. கடையில 'ஆர்எம்எஸ் எவ்ளோ?'னு மட்டும் கேளுங்க, அதுதான் செட்டு தொடர்ந்து குடுக்குற பவர். இந்த ரூமுக்கு ஸ்பீக்கருக்கு 20, 30 வாட் ஆர்எம்எஸ் தாராளம். ரொம்ப நாளா நம்மாளுங்க ஆம்ப்ளிஃபையர்ல போட்டுக் கொண்டாடுற 4440 ஐசின்னு ஒரு சில்லு இருக்கே, அது சேனலுக்கு 6 வாட்டுதான். அதுலயே தெருவையே எழுப்பியிருக்கோம்.

அடுத்தது 5.1 ஆசை. நான் முதல்ல வாங்குனது அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் (பேஸுக்குன்னு தனிப் பெட்டி) வெச்ச செட்டு. ரூம் சுத்தி ஆணி அடிச்சு மாட்டி, கெத்தா உக்காந்தேன். ஹெலிகாப்டர் பின்னாடி இருந்து வரணும் இல்ல? முன்னாடி கேக்குறதே பின்னாடியும் கேக்குது. கழட்டிப் பாத்தா, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதது சவுண்டைப் பிரிச்சுக் குடுக்குற டீகோடரே உள்ள இல்ல. ரெண்டு சேனல் ஸ்டீரியோவை ஆறாப் பிரிச்சு அனுப்பிட்டு 5.1னு பேரு வெச்சிருக்கான். பேஜாராப் போச்சு.

உண்மையான 5.1ஆவே இருந்தாலும் கணக்கு இடிக்கும். அதே 10,000த்தை அஞ்சு ஸ்பீக்கர், ஊஃபர், ஆம்ப்ளிஃபையர்னு ஏழாப் பங்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் என்ன மிஞ்சும்?

5.1ல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். முன்னாடி சொன்ன ரிமோட் கூத்துக்கு மருந்து அங்கதான் இருக்கு. அதனால வீட்டுல படம்தான் அதிகம் ஓடும்னா, நடுவுக்குத் தனி ஸ்பீக்கர் இருக்குற 3.1 சவுண்ட்பார் (டிவிக்குக் கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர், கூட ஒரு ஊஃபர்) பாருங்க, மேல கொஞ்சம் துட்டு சேர்த்தாவது. பாட்டுதான் உயிர்னா ரெண்டே ரெண்டு நல்ல ஸ்பீக்கர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போதும். ஆனா ரெண்டு ஸ்பீக்கர்ல நடுவுல உக்காந்தவருக்குத்தான் வசனம் நடுவுல கேக்கும். ஓரத்துல பாய் போட்டவருக்கு ஒரு பக்கம் இழுக்கும்.

கடையில அவங்க போடுற டெமோவை நம்பாதீங்க. உங்க ஃபோன்ல இருந்து ஒரு கானா போடச் சொல்லுங்க. டோலக்கோட 'தும்' தனியா, பாடுறவர் குரல் தனியா கேக்கணும். ரெண்டும் கொழகொழன்னு ஒட்டிக்கிட்டா அடுத்த கடை.

[காட்சி: டிவியோட பின்பக்கம். 'ஏஆர்சி'ன்னு எழுதுன ஓட்டை.]

ஏஆர்சிங்கிறது டிவி சவுண்டை வெளிய அனுப்புற ஹெச்டிஎம்ஐ ஓட்டை. சவுண்ட்பார் வயரு இந்த ஓட்டையில மட்டும். புளூடூத் வேணாம், வாய் ஒரு பக்கம் அசையும், குரல் அப்புறமா வரும். டிவி செட்டிங்ஸ்ல சவுண்ட் அவுட்புட் பிசிஎம்னு இருந்தா வெறும் ஸ்டீரியோதான் போகும், நடு ஸ்பீக்கருக்குத் தனி வசனம் கிடைக்காது. ஆட்டோன்னோ பிட்ஸ்ட்ரீம்னோ மாத்துங்க.

இப்ப ஊஃபர். அதை நீங்க உக்கார்ற எடத்துல வெச்சு ஒரு பாட்டைப் போடுங்க. அப்புறம் செவுரோரமா தவழுங்க. நான் தவழ்ந்தப்ப ஆயா, "இன்னாடா, சில்லற கீழ வுட்டுட்டியா?"ன்னுச்சு. எந்த எடத்துல 'தும்' சுத்தமா கேக்குதோ அங்க ஊஃபரைக் கொண்டு போய் வைங்க. மூலையில வெச்சா பேஸ் ஏறும், ஆனா கொழகொழங்கும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான செவுரை விட்டுத் தள்ளியே வைங்க. கீழ கெட்டி ரப்பர் மேட் போட்டா தரை அதிர்றது கொஞ்சம் கொறையும். ராத்திரி 10க்கு மேல 'நைட் மோடு' போடுங்க. அது ஃபைட்டை அமுக்கி வசனத்தைத் தூக்கிக் குடுக்கும்.

[காட்சி: கையில செம்பு வயர் முனை, பச்சை பூத்திருக்கு.]

இது காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்காரங்களுக்கு. உப்புக் காத்துல வயர் முனை இப்படி ஆயிடும், சவுண்டு கரகரங்கும். ஸ்பீக்கர் போச்சுன்னு கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. செட்டை ஆஃப் பண்ணி, முனையில அரை இஞ்ச் வெட்டி, புதுசா சீவி, சிவப்பு சிவப்புலயும் கறுப்பு கறுப்புலயும் மாட்டுங்க.